தீர்வை செலுத்தப்படாத குரல்

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு, நவம்பர் மாதம் பதினெட்டாம் நாள், திங்கட்கிழமை. விடியலில் தொடங்கிய மழை நண்பகல் கடந்தும் ஓயவில்லை; காற்று அறவே இல்லை. கிடங்கின் தகரக் கூரையில் நீர் விழும் ஓசை மற்ற எல்லா ஓசைகளையும் விழுங்கியிருந்தது. அந்த ஒரு காரணத்தால் அன்று காலை நான் ஓரளவு நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் அடுக்கிலிருந்து வரும் பெண்குரல் மழையில் அமுங்கிக் கிடந்தது.

நான் பணிபுரிவது வெளிநாட்டுப் பொதிகளுக்குச் சுங்கத் தீர்வை விதிக்கும் அலுவலகத்தின் கிடங்கில். மக்கள் இணையத்தின் வழியாகப் பிற நாடுகளில் வாங்கும் காலணி, கைக்கடிகாரம், முகப்பூச்சு, தூண்டில், பொய்முடி ஆகிய அனைத்தும் முதலில் இங்குதான் வந்து இறங்கும். மதிப்பீட்டாளர் பொருளின் விலையைக் கணித்துத் தீர்வையும் வரியும் விதிப்பார். பொருளை வரவழைத்தவருக்கு அறிவிப்பு செல்லும். பணம் செலுத்தியவருக்குப் பொதி கிடைக்கும். செலுத்தப்படாத பொதி முப்பது நாள் என் காவலில் இருக்கும். முப்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அது அனுப்பிய நாட்டுக்கே திரும்பும். திரும்ப வழியில்லாதது நசுக்கும் எந்திரத்துக்குச் செல்லும்.

எந்தப் பொதி என்றைக்கு வந்தது, யாருக்கு வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்பவற்றைப் பதிவேட்டில் எழுதுவது என் கடமை. இதே கிடங்கில் பதினாறு ஆண்டுகள் பொதி சுமந்தவன் நான். நாற்பத்து மூன்றாம் வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றேன். நாற்பத்தாறாம் வயதில் பதிவேடு என் கைக்கு வந்தது. அன்று தொட்டு ஒன்பது ஆண்டுகளில் அதில் ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. தணிக்கைக்கு வருபவர்கள் அதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள்.

அந்தப் பொதி அக்டோபர் பத்தொன்பதாம் நாள் வந்தது. காலணிப் பெட்டியின் அளவு, பழுப்பு நிறம், எடை மிகக் குறைவு. எங்கள் சுமையாளை அனைவரும் சுருட்டை என்று அழைப்போம். முப்பத்தைந்து வயதில் தலை முற்றிலும் வழுக்கையாகிவிட்ட பின்னும் அவனுக்கு அந்தப் பெயர்தான் நிலைத்தது. அவன் பெட்டியை மதிப்பீட்டு மேசையில் வைத்தான். வைத்த கணத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள்.

"கதவத் தொற. நான்தான்."

சுருட்டை நெருப்பைத் தொட்டவன்போல் கையை இழுத்துக்கொண்டான். மதிப்பீட்டாளர் அம்மையார் மட்டும் சலனமின்றிக் கத்தியை எடுத்து ஓரத்தைக் கீறினார். முப்பது ஆண்டு அனுபவம் உடையவர். உயிருள்ள ஆமையையும் செயற்கைப் பற்களையும் அதே முகத்தோடு பார்த்தவர். உள்ளே சாம்பல் நிறத் துணிக் கரடி ஒன்று இருந்தது.

"வயித்துக்குள்ள மிஷின் வச்சிருக்காங்க. யாரு வாங்குறாங்களோ அவங்க குரலைப் பதிஞ்சு அனுப்பினா, அதை உள்ள வச்சுத் தச்சுக் குடுப்பாங்க. அசைஞ்சா பேசும்," என்றார்.

"குரலுக்கும் வரி உண்டா மேடம்?" என்று சுருட்டை கேட்டான்.

"இருந்தா உனக்குத்தான்யா முதல்ல போடணும். பொம்மைக்கும் பேட்டரிக்கும் மட்டும்தான்."

தீர்வை விதிக்கப்பட்டது. பொதி மீண்டும் ஒட்டப்பட்டு முத்திரை இடப்பட்டது. முத்திரை இட்டபின் உரியவர் முன்னிலையில் அன்றி அதை எவரும் பிரிக்கலாகாது என்பது விதி. நான் முகப்புச் சீட்டைப் பார்த்தேன். மேலே ஒரு பெண்ணின் முழுப்பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. நடுவில் முகவரி. அடியில் சிறிய எழுத்தில் 'மிட்டு' என்று ஒரு சொல். பெண்ணின் பெயரைப் 'பெறுநர்' என்ற கட்டத்தில் எழுதினேன். கரடிக்கு அந்த நிறுவனம் இட்ட பெயர் மிட்டு என்று கொண்டு, 'பொருள்' என்ற கட்டத்தில் 'மிட்டு, பேசும் துணிக் கரடி' என்று எழுதினேன். எழுத்து மிக அழகாக அமைந்தது.

அன்று முதல் எங்கள் கிடங்கு பழைய கிடங்காக இல்லை.

பொதி மூன்றாம் அடுக்கில் இருந்தது. வாசலில் சரக்கு வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் அடுக்குகள் அதிரும். அதிர்ந்தவுடன் அவள் பேசுவாள். அது கூவி அழைக்கும் குரல் அன்று. கெஞ்சும் குரலும் அன்று. இரு கைகளிலும் பைகளைப் பிடித்துக்கொண்டு, சாவியைத் தேட முடியாமல், உள்ளே ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு கதவில் தோளைச் சாய்த்து நிற்பவளின் குரல். களைப்பும் இருந்தது, களைப்புக்கு அடியில் ஒரு சிரிப்பும் இருந்தது.

முதல் வாரம் சுருட்டை வேடிக்கை செய்தான். "அண்ணே, உங்க ஆளு கூப்பிடுது. போய்த் தொறங்க." இரண்டாம் வாரம் அவ்வேடிக்கை நின்றது. மூன்றாம் வாரம் மூன்றாம் அடுக்கில் பொதி எடுக்க வேண்டியிருந்தால், "நீங்களும் கூட வாங்கண்ணே, தனியா கை எட்டல," என்று சொல்லத் தொடங்கினான். அவன் ஆறடி உயரம் உடையவன்.

இருபதாம் நாளுக்குப் பின் ஒரு மாற்றம் நேர்ந்தது. மின்கலம் தளர்ந்ததுபோலும், குரல் மெதுவானது. 'நான்தான்' என்ற சொல் நீண்டு இழுபட்டது. வெளியே நின்று நின்று காலோய்ந்து போனவளைப் போல அவள் பேசினாள். மூன்று அறிவிப்புகள் சென்றிருந்தன. மறுமொழி வரவில்லை.

இந்நிலையில் ஒரு மாலை நான் வீட்டில் அமர்ந்து செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென எழுந்து சென்று வாசற்கதவைத் திறந்தேன். வெளியே படிக்கட்டும் விளக்கும் மட்டுமே இருந்தன. எதிர்வீட்டாரின் செருப்புகள் வரிசையாக இருந்தன. கதவைச் சாத்திவிட்டு வந்து அமர்ந்தேன். சற்று நேரத்தில் மீண்டும் எழுந்தேன்.

"யாரைத் தேடுறீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"இந்த வாரத்துல இது நாலாவது தடவை. என்ன பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க?"

"பேரு சொல்லல. நான்தான்னு சொல்றா."

என் மனைவி காய்கறி நறுக்கும் கத்தியைக் கீழே வைத்தாள். "கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. நான் நான்தான்னு சொன்னா ஒரு நாளாவது எந்திரிச்சு வந்து தொறந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைக் கண்டதும் குரலைத் தணித்துக்கொண்டாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் கூறினேன். அவள் கத்தியை மீண்டும் எடுத்து மிச்சக் காயை நறுக்கி முடித்தாள். பின்பு, "அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டா என்ன கெட்டுப் போகுது?" என்றாள்.

உரியவரைக் கிடங்குக் காப்பாளர் தொலைபேசியில் அழைக்கலாகாது என்பதும் விதியே. கையூட்டுக்கு அது வழிவகுக்கும் என்பதால் அவ்விதி ஏற்பட்டது. ஆயினும் இருபத்தேழாம் நாள், அலுவலர்கள் உணவருந்தச் சென்ற வேளையில், நான் அந்த எண்ணுக்கு அழைத்தேன். ஓர் ஆண் எடுத்தார். நான் பொதியைப் பற்றியும் தீர்வையைப் பற்றியும் இன்னும் மூன்று நாளே உள்ளது என்பதைப் பற்றியும் முறையாக எடுத்துரைத்தேன்.

"முடிச்சிட்டியா? லிங்க் எப்ப அனுப்புவ?" என்றார் அவர்.

"ஐயா, நான் அலுவலகத்துல இருந்து..."

"எல்லாரும் ஆபீஸ்ல இருந்துதான்யா பேசுறீங்க. என் மச்சான் இப்படித்தான் பார்சல் வந்திருக்குன்னு ஒருத்தன் சொன்னதை நம்பி அரை வருஷச் சம்பளத்தை விட்டான். மூணு மெசேஜ் வந்துச்சு, மூணையும் அழிச்சேன். இப்ப நேராவே பேச வந்துட்டியா? அவ செத்து மூணு மாசம் ஆகுது. செத்தவ பேருல வரி கேக்குறீங்களே, உங்களுக்கெல்லாம் சோறு எப்படி உள்ள இறங்குது?"

அவர் தொடர்பைத் துண்டித்துவிடுவார். ஒருவருக்கென்று குரல் பதித்துத் தைத்த பொருளை அந்த நிறுவனம் திரும்பப் பெறாது; மூன்று நாளில் எந்திரம் அந்தக் கரடியை நசுக்கிவிடும். வேறு வழி தோன்றவில்லை. பொதியை எடுத்து, தொலைபேசியை அதன்மேல் வைத்து, ஒருமுறை அசைத்தேன்.

"கதவத்... தொற. நான்... தான்."

அவர் மீண்டும் பேசியபோது கோபம் முழுவதும் வடிந்து, அச்சம் மட்டுமே எஞ்சியிருந்தது.

"இப்ப குரலைக் கூடத் திருடுறீங்களா? எங்கேர்ந்துடா எடுத்தீங்க அவ குரலை?"

தொடர்பு அறுந்தது. அதன்பின் அந்த எண் மறுமொழி தரவில்லை.

முப்பதாம் நாளாகிய அந்த மழைநாளில், மாலை நான்கு மணிக்கு, அவர் நேரில் வந்தார். நனைந்த சட்டையின் பையில் ஒரு மின்தூக்கி நிறுவனத்தின் பெயர் தைத்திருந்தது. ஒரு கையில் காவல்நிலையத்தில் கொடுப்பதற்காக எழுதிய புகார். மறு கையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் கை. சிறுமி தரையைத் தொடும் மஞ்சள் மழைச்சட்டை அணிந்திருந்தாள்.

"போன் பண்ணவன் யாரு? இப்படி ஒரு ஆபீஸ் இருக்கான்னு பாத்துட்டு, இல்லைன்னா நேரா ஸ்டேஷன் போறதா இருந்தேன். ஆபீஸ் இருக்கு. ஆளைக் காட்டுங்க," என்றார்.

"நான்தான்," என்றேன். சொன்ன பிறகே அச்சொல் எத்தகையது என்று உணர்ந்தேன். அவர் முகம் வெளிறியது.

மதிப்பீட்டாளர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "போன் பண்ணீங்களா? நீங்களா?" என்று மட்டும் கேட்டார். பின்பு வந்தவரை அமரச் செய்து, நடந்தவற்றை ஒழுங்காக விளக்கினார். வந்தவரும் தம் பங்கைக் கூறினார். அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். மனைவி ஒரு கடையில் விலைச்சீட்டு அடிப்பவளாக இருந்தாள். அவள் அந்தக் கரடியை வரவழைத்தது கணவருக்கே தெரியாது. ஆகஸ்டு மாதத்தில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் இறந்தாள்.

"அப்படின்னா ஒரு சிக்கல் இருக்கு," என்றார் அம்மையார். "இறந்தவங்க பேருல வந்த பார்சலை வாரிசுச் சான்று இல்லாம குடுக்க முடியாது. அது கிடைக்க ரெண்டு மாசம் ஆகும். இதுக்கு இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது."

"அப்ப நசுக்கிடுங்க," என்றார் அவர்.

எங்களில் எவரும் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் சிறுமியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சற்றுத் தொலைவில், தள்ளுவண்டியின் சக்கரம் ஏன் கிறீச்சிடுகிறது என்று சுருட்டையிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். இவ தினமும் ஏழு மணியானா கதவுக்கிட்ட போய் நிக்கிறா. கடையை மூடிட்டு அவ வர்ற நேரம் அது. நான் தட்டினா, யாருன்னு கேக்குறா. அப்பான்னு சொன்னா தொறக்குறா, ஆனா மொகம் அப்படியே தொங்கிப் போயிடுது. இந்த நிலைமையில அந்தக் குரலை வீட்டுக்குக் கொண்டு போனா... லிஃப்ட் பேசுறதுக்கு மிஷின் மாட்டுறவன் மேடம் நான். மிஷின் எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லும். இவ எத்தனை தடவை போய்த் தொறப்பா?"

அம்மையார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை நான் கேட்டுக்கிறேன். அப்புறம் எடுத்துட்டுப் போங்க," என்றார் அவர்.

நான் மூன்றாம் அடுக்குக்குச் சென்று பொதியை எடுத்தேன். தளும்ப நிறைந்த குடத்தைச் சுமப்பவன்போல் அடிமேல் அடி வைத்து வந்தேன். அவள் பேசவில்லை. மேசையில் வைத்தேன். அப்போதும் பேசவில்லை. மின்கலம் இறந்துவிட்டதோ என்று ஐயுற்று, சிறுமியின் தந்தை விரல் நுனியால் பெட்டியைத் தொட்டார். மழை மட்டுமே கேட்டது.

சிறுமி மேசைக்கு அருகில் வந்தாள். நுனிக்காலில் நின்று, முகப்புச் சீட்டின்மேல் விரல் வைத்து, எழுத்தெழுத்தாக நகர்த்தினாள். முதல் வகுப்புப் படிப்பவர்கள் அப்படித்தான் வாசிப்பார்கள். நாற்பத்து மூன்றாம் வயதில் நானும் அப்படித்தான் வாசித்தேன்.

"இது எனக்கு வந்ததாப்பா?"

"இல்லடா. வேற யாருக்கோ."

"இல்லையே. மிட்டுன்னு போட்டிருக்கே."

அவள் விரல் சீட்டின் கடைசி வரியில் நின்றது.

அம்மையார் கண்ணாடியை அணிந்துகொண்டு சீட்டை விளக்கடியில் பிடித்தார். பின்பு அலமாரியிலிருந்து அதே நிறுவனத்தின் வேறொரு பொதியை எடுத்து வரச் செய்து, இரு சீட்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். அந்த நிறுவனம் பணம் கட்டியவரின் பெயரை மேலே அச்சிடுகிறது. பெறுநரின் பெயரை அடியில் அச்சிடுகிறது. தாய் தன் மகளின் பள்ளிப் பெயரை எழுதாமல், வீட்டில் அழைக்கும் பெயரை எழுதியிருக்கிறாள்.

"பெறுநர் மிட்டு," என்றார் அம்மையார். அவர் என்னைப் பாராமல் பதிவேட்டைப் பார்த்தார். "பெறுநர் உயிரோட இருக்காங்க. நோட்டீஸ் மூணும் தப்பான பேருக்குப் போயிருக்கு."

அழகாக எழுதப்பட்ட அந்த வரி என் கண்முன் இருந்தது. ஒரு குழந்தையின் பெயரைப் பொருளின் கட்டத்தில் எழுதி, இறந்தவளின் பெயரை வாசலில் நிறுத்தி, முப்பது நாள் அவளைக் காக்க வைத்தவன் நான். வேறெவரும் அல்லர்.

"மைனர் பேருக்கு வந்தா அப்பா கட்டி வாங்கிக்கலாம், வாரிசுச் சான்று வேண்டாம்," என்று அம்மையார் தொடர்ந்தார். "மிட்டுன்னு இவளைத்தான் கூப்பிடுறீங்கங்கிறதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

சிறுமியே மழைச்சட்டையைக் கழற்றிக் கழுத்துப்பட்டையை மடித்துக் காட்டினாள். உட்புறத்தில் அழியாத மையால் 'மிட்டு, ஒன்றாம் வகுப்பு' என்று எழுதியிருந்தது. "அம்மா எழுதினது. ஸ்கூல்ல காணாமப் போயிடக் கூடாதுன்னு," என்றாள். அம்மையார் அதைப் படம் எடுத்துக்கொண்டு, தீர்வைச் சீட்டைத் தந்தையின் முன் நகர்த்தினார்.

அவர் அதைத் தொடவில்லை. இதுவரை விதி அவருக்குப் பதிலாக முடிவு செய்திருந்தது. இப்போது முடிவு அவரிடமே வந்துவிட்டது. மணி நான்கு முப்பத்தெட்டு. காசாளர் நான்கு ஐம்பதுக்கு எழுந்துவிடுவார். தந்தை சீட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மகளின் உச்சந்தலையைப் பார்த்தார்.

"வேணாம் மேடம்," என்று அவர் வாய் திறந்தபோது, நசுக்கும் எந்திரத்துக்குச் சரக்கு ஏற்றும் வண்டி வாசலில் வந்து நின்றது. தரை அதிர்ந்தது. மேசை அதிர்ந்தது.

"கதவ... த்... தொற. நா... ன்... தான்."

எவரும் அசையவில்லை. சிறுமி மட்டும் தலையை நிமிர்த்தினாள். அவள் பெட்டியைத் திரும்பியும் பாராதது எனக்கு இன்றும் வியப்பாக உள்ளது. நேராக நடந்து சென்றாள். கிடங்கின் பெரிய இரும்புக் கதவில் ஆள் நுழையும் சிறு கதவு ஒன்று உண்டு. அதன் தாழை இரு கைகளாலும் இழுத்தாள். கதவு திறந்தது. வெளியே மழையும், வண்டியின் பின்புற விளக்குகளும், ஈரத்தில் மின்னும் முற்றமும் தெரிந்தன. வேறு எவரும் இல்லை.

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். இருபது எண்ணும் நேரம் நின்றிருப்பாள். பின்பு ஒரு புறமாக ஒதுங்கி, பெரியவர்களுக்கு வழிவிடுவதுபோல் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா."

தந்தை தள்ளி நின்றார். சுருட்டை தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு விலகினான். அம்மையார் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். நானும் விலகினேன். எங்களுக்கு நடுவே மேசைவரைக்கும் ஒருவர் நடந்து வரும் அகலத்தில் வழி உண்டாயிற்று. உள்ளே சாரல் அடித்தது, தரை நனைந்தது.

சிறுமி கதவைச் சாத்தித் தாழிட்டாள். கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்து தந்தையின் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா உள்ள வந்தாச்சு. இனிமே வெளிய நிக்க மாட்டாங்க," என்றாள். அவள் குரலில் துயரம் இல்லை. ஒரு வேலையை முடித்த நிறைவே இருந்தது. பின்பு தந்தையின் முகத்தை அண்ணாந்து பார்த்து, "அம்மா வெளியூர் போகலைன்னு எனக்குத் தெரியும்ப்பா. நீங்கதான் போன்ல பேசி அழுதீங்களே," என்று மெல்லச் சொன்னாள்.

அவர் தீர்வைச் சீட்டை எடுத்துக்கொண்டு காசாளரிடம் நடந்தார். கையெழுத்து இட்டுப் பணம் கட்டினார். அம்மையார் முத்திரையைப் பிரித்துக் கரடியைச் சிறுமியின் கையில் கொடுத்தார். அவள் அதை மழைச்சட்டைக்குள் வைத்துப் பொத்தானிட்டாள். எத்தனை அசைத்தும் அது பேசவில்லை. புதிய மின்கலம் இட்டால் பேசும் என்று அம்மையார் கூறினார். "தெரியும்," என்றார் தந்தை.

அவர்கள் சென்றபின் நான் பதிவேட்டைத் திறந்தேன். அளவுகோலை வைத்து, பெறுநர் கட்டத்திலிருந்த பெண்ணின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். ஒன்பது ஆண்டுகளில் அது முதல் அடித்தல். பொருளின் கட்டத்திலிருந்த 'மிட்டு' என்ற சொல்லையும் அடித்து, பெறுநர் கட்டத்தின் மேலே 'மிட்டு' என்று திருத்தி எழுதிக் கையொப்பம் இட்டேன். என் பின்னால் மேசையிலிருந்து கதவுவரை தரை இன்னும் ஈரமாகவே இருந்தது. துடைப்பத்தோடு வந்த சுருட்டை அதைச் சுற்றிக்கொண்டு நடந்தான்; குறுக்கே மிதிக்கவில்லை. கடைசிக் கட்டம் ஒன்று மட்டும் நிரப்பப்படாமல் இருந்தது. பொதி உரியவரிடம் ஒப்படைக்கப்பட்ட நேரம்: மாலை நான்கு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.